இருபது வருடம் கழித்து மறுபடியும் ஒரு 911 டர்போ: வாங்கலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 54 வயது. முப்பதுகளில் 1986 மாடல் போர்ஷே 911 டர்போ ஒன்றை வைத்திருந்தீர்கள். பிள்ளைகள் பிறந்ததும் விற்றுவிட்டீர்கள். அதற்குப் பிறகு இருபது வருடமாக ஆட்டோமேட்டிக் குடும்பக் கார்தான். இப்போது அதே மாடலில், குறைவாக ஓடிய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் 'கை மறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்' என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறீர்கள். கேட்க வந்த விஷயமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. வண்டியைப் பற்றிய பாதிக்குப் பதில் சொல்வது சுலபம். உங்களைப் பற்றிய பாதிதான் கொஞ்சம் நீளும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்து மாட்டும் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவன் நான். பல வருடங்களாக, மூடிய டிராக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் செய்து வருகிறேன். உங்களைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால்: வாங்கலாம். ஆனால் முதல் வருடம் வண்டியின் பவருக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். பணம் முழுக்க டயர், பிரேக், ரப்பர் பாகங்கள், பயிற்சி இந்த நான்குக்குத்தான் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பழைய வண்டியை எவ்வளவு வேகமானதாக நினைவு வைத்திருக்கிறீர்களோ, அந்த அளவுக்கு அது இன்று வேகமான வண்டி இல்லை. 1978-இல் வந்த 3.3 லிட்டர் 930 டர்போவுக்கு (உங்கள் தலைமுறை 911 டர்போவுக்கு போர்ஷே வைத்த எண்தான் 930) 300 குதிரைத்திறன், எடை சுமார் 1,300 கிலோ. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஐந்தரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் உலகமே வாய் பிளந்த கணக்கு இது. இன்றைக்கு நாலு கதவும் பெரிய டிக்கியும் உள்ள மின்சாரக் குடும்பக் கார்கள் பல, சத்தமே இல்லாமல் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நீங்கள் தினமும் ஓட்டும் காரின் கணக்கையும் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். வேகம்தான் வேண்டும் என்றால் இந்த வண்டி உங்களை ஏமாற்றும்.

ஆபத்தும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பொதுவாக எல்லோரும் பவரைத்தான் பயப்படச் சொல்வார்கள். நான் பயப்படுவது இருபது வருடமாக மாறிப்போன உங்கள் கண்ணின் அளவுகோலைப் பார்த்து. இன்றைய காரில் 120-இல் போகும்போது உள்ளே சத்தம் வராது, ஸ்டியரிங் நடுங்காது, அகலமான டயரும் கணினியும் சேர்ந்து வளைவைச் சுலபமாக்கிக் கொடுத்துவிடும். 'இந்த வளைவுக்கு இந்த வேகம்' என்ற கணக்கை மனசு தானாகப் போட்டு வைத்திருக்கும், போட்டதே உங்களுக்குத் தெரியாது. பழைய வண்டியில் ஏறியதும் கை பழைய பழக்கத்தைத் தேடும். கண் மட்டும் புதுக் காரின் வேகத்தில்தான் வளைவுக்குள் நுழையும். திரும்பி வருகிறவர்களின் பக்கத்தில் உட்காரும்போது நான் கையைப் பார்ப்பதில்லை. அவர்கள் எந்த இடத்தில் பிரேக்கில் கால் வைக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். அநேகமாக எல்லோருமே தாமதமாகத்தான் வைக்கிறார்கள்.

நடுவில் எதுவெல்லாம் வந்து சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். சக்கரம் பூட்டாமல் காக்கும் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. வண்டி தடம் புரளப் போவதை உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் வந்தது 1995-இல். இன்று பல நாடுகளில் புதுக் காரில் இரண்டும் கட்டாயம். 930 டர்போ 1989-இல் உற்பத்தி நிற்கும் வரை இரண்டுமே இல்லாமல்தான் வந்தது. பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. நல்ல பிரேக் உண்டு, 917 ரேஸ் காரிலிருந்து வந்த வடிவமைப்பு. ஆனால் அளவாக மிதிக்க வேண்டியது உங்கள் கால்தான். ஏபிஎஸ் உள்ள காரில் அவசரத்துக்கு ஓங்கி மிதித்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பும். இதில் அப்படி மிதித்தால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். நீங்கள் எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். அந்த நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் சக்கரம் மறுபடி உருளும், ஸ்டியரிங்குக்கு உயிர் வரும். 'தளர்த்து' என்பது மூளைக்குத் தெரியும். இருபது வருடமாக அழுத்தியே பழகிய காலுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் விரிவாகவே சொல்கிறேன். இந்த வண்டியில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் சுமார் அறுபது சதவீதம் பின் சக்கரங்கள் மேல். ஒரு வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக மேலே வரும். அந்தக் கணமே எடை முன்பக்கம் சாயும், பின் டயர்களின் பிடிமானம் குறையும், பின்னால் தொங்கும் இன்ஜின் வண்டியின் வாலை வெளியே இழுக்கும். முன்பக்க இன்ஜின் கார்களில் காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி அடங்கும். இதில் காலை எடுப்பதுதான் வண்டியைச் சுற்ற வைக்கிறது. அதோடு டர்போவின், அதாவது இன்ஜின் புகையின் விசையில் சுழன்று உள்ளே காற்றை அழுத்தும் கருவியின், தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது சாது மாதிரி வரும், 3,500-ஐ நெருங்கியதும் மொத்த அழுத்தமும் ஒரேயடியாக வந்து சேரும். வளைவின் நடுவில் 'ஒன்றும் வரவில்லையே' என்று இன்னும் கொஞ்சம் மிதித்தவருக்கு, கேட்டதெல்லாம் ஒரு வினாடி தாமதமாக, தப்பான இடத்தில் வந்து விழும்.

இதற்கான முறை பழையது, மாறவும் இல்லை. பிரேக் வேலை முழுவதையும் வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே ஆக்ஸிலரேட்டரில் லேசாகக் கால் இருக்க வேண்டும், வளைவு முழுக்க அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகுதான் அழுத்த வேண்டும், அதுவும் டர்போ வரும் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு. வேகமாக வந்துவிட்டோம் என்று பாதி வளைவில் தெரிந்தால் காலை முழுவதும் எடுக்காமல், கொஞ்சம் மட்டும் குறைத்துக்கொண்டு, கண்ணை வெளியேறும் பக்கம் வைத்து ஓட்ட வேண்டும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் உடம்பு இதைச் செய்ய வேண்டுமென்றால் பயத்தை மீறிச் செய்ய வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத பாகம் இதுதான்.

சரி, கை மறந்திருக்குமா? உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். கிளட்ச், கியர் மாற்றம், குதிகால்-விரல் வைத்து பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பது, இவையெல்லாம் திரும்பி வந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 911-இல் பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருக்கும் என்பதால் முதலில் குதிகால் எங்கே வைப்பது என்று தடுமாறுவீர்கள், சீக்கிரம் சரியாகிவிடும். வண்டி வழுக்கும்போது யோசிக்காமல் கை செய்யும் திருத்தம் மட்டும் வேறு சமாச்சாரம். சிலருக்கு முதல் நாளே வந்துவிடுகிறது, சிலருக்கு வருவதே இல்லை. உங்களுக்கு எப்படி என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. முப்பதுகளில் உங்களுக்கு அது இருந்ததா என்பதே ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வண்டியை வைத்திருந்தவர்களில் பலருக்கு வால் ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை. வராததால் திறமை இருந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து உடம்பு. வயது ஏற ஏற எதிர்வினை நேரம் நீளும் என்பது உறுதியான விஷயம். ஆளுக்கு ஆள் அளவுதான் மாறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. கால் வினாடி தாமதம் என்றால் பிரேக்கைத் தொடும் முன்பே 7 மீட்டர் போய்விடும். இது பெரிய குறை இல்லை, அனுபவசாலி முன்னாலேயே பார்த்து ஈடுகட்டிவிடுவார். கண்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. இதோடு எண்பதுகளின் ஹாலஜன் ஹெட்லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்இடி விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு அது மெழுகுவத்தி. எனவே முதல் சில மாதம் இருட்டிய பிறகு அந்த வண்டியை எடுக்காதீர்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் வாங்கும் முன்பே ஒரு கண் பரிசோதனை செய்துவிடுங்கள். டேஷ்போர்டுக்கும் தூரத்துக்கும் மாறி மாறிப் பார்க்க எந்த லென்ஸ் ஒத்துவரும் என்று டாக்டரிடமே கேளுங்கள், அது என் தொழில் இல்லை. இடது முழங்காலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளட்ச் கனமானது, நெரிசலில் அரை மணி நேரம் போனாலே காலுக்குத் தெரியும்.

இனி வண்டிக்கு வருவோம். 'குறைவாக ஓடியது' என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ரப்பருக்கும் திரவங்களுக்கும் கிலோமீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும். வருடத்துக்கு நாலைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காக சர்வீஸ் ஆகி, பில்களோடு வரும் வண்டியை, பத்து வருடம் போர்வைக்கு அடியில் நின்ற வண்டியைவிட நான் மேலாக மதிப்பேன். நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். 930-இல் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் எனும் இயந்திர வகை ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். அதன் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள மெல்லிய வழிகளில் அந்தப் பிசின் படிந்தால் வண்டி கிளம்பவும் மறுக்கும், கிளம்பினாலும் இடறும். சரிசெய்யத் தெரிந்தவர்களும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னும் முக்கியமானது பெட்ரோல் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயது நிரூபிக்கப்படாத எல்லா பெட்ரோல் ஹோஸையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகத்தில். கையில் எடுக்கும் தூரத்தில் ஒரு தீயணைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும், ஏனென்றால் நீண்ட நாள் நின்ற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், பெரும்பாலும் தப்பாக இருப்பதும் அதுதான். டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. 3512 என்றால் 2012-ஆம் வருடம் 35-ஆவது வாரம். கடைசியில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள். இந்த எண் சில சமயம் உள்பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், அதனால் டார்ச்சோடு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பட்டன் (டயரின் மேல்பக்கப் பள்ளங்கள்) புதுசு மாதிரி ஆழமாக இருக்கும், ஆனால் நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாது. ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டது என்று அர்த்தம். மழையில் அந்த டயர் பிடிக்கவே பிடிக்காது. எத்தனை வருடத்தில் மாற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சில கார் நிறுவனங்கள் ஆறு வருடம் என்கின்றன, டயர் நிறுவனங்கள் பல பத்து வருடத்தை வெளி எல்லையாகச் சொல்கின்றன. 300 குதிரைத்திறனும் பின்பக்கக் கனமும் உள்ள வண்டிக்கு நான் ஆறு என்ற பக்கம் சாய்வேன். நான்கையும் ஒரே நாளில், ஒரே ரகத்தில் மாற்றுங்கள். முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் என்பது இந்த வண்டியில் விஷப் பரீட்சை. அந்தக் கால அளவுகளில் இன்றைய ரப்பரைக் கொண்டு பிரெல்லி போன்ற நிறுவனங்கள் டயர் செய்துகொண்டிருப்பது நம் அதிர்ஷ்டம்.

டயரால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு உதாரணம். போர்ஷேயின் கரெரா ஜிடி, 2003-இல் வந்த, 612 குதிரைத்திறன் கொண்ட, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லாத முரட்டு வண்டி. இருபது வருடம் கழித்து மிஷலின் அதற்கென்று புது டயர் செய்தது. 2024-இல் அந்த டயரோடு ரேஸ் ஓட்டுநர் யோர்க் பெர்க்மைஸ்டர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கின் வடக்கு வளையத்தை 7 நிமிடம் 12.69 வினாடியில் சுற்றினார். அந்த வண்டி புதிதாக இருந்த காலத்தில் போர்ஷேயின் ஓட்டுநர் வால்டர் ரோர்ல் எடுத்த நேரத்தைவிட இது 15 வினாடிக்கும் மேல் குறைவு. நீங்கள் நேரம் குறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த 15 வினாடிக்குள் இருக்கும் பிடிமானம்தான், ஒரு மழை நாளில் உங்களைச் சாலையிலேயே வைத்திருக்கும்.

பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தரம் கேட்பது 155 மட்டுமே. மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப ஓங்கிப் பிடித்தால் அந்தச் சூட்டை எட்டிவிடலாம். திரவம் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மிகச் சின்னச் செலவு. கூடவே ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். அவை உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால் காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி, கையை ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே விஷயம் இருக்கிறது. சஸ்பென்ஷன் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் இதே கதைதான். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, ஓரம் பிரிந்திருக்கிறதா, விட்டால் சுருண்டு உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஏர்பேக் கிடையாது, அந்தப் பட்டைதான் எல்லாம்.

இன்ஜினைப் பார்க்காமல் இன்ஜினுக்கு யாரும் சர்டிஃபிகேட் தர முடியாது. ஆனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். கம்ப்ரெஷன் டெஸ்ட் மட்டும் போதாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தக் காற்றை ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்டும் வேண்டும். சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (நீளமான போல்ட்கள்) முறிவது பழைய 911 இன்ஜின்களில் தெரிந்த நோய். கீழ்ப்பக்க வால்வ் கவரைக் கழற்றினால் முறிந்த துண்டு சில சமயம் கவருக்குள்ளேயே கிடக்கும். ஆயில் கசிவு கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். கசிவே இல்லாமல் பளபளவென்று கழுவி வைத்திருந்தால்தான் நான் ஏன் என்று கேட்பேன். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் இல்லாமல், உங்கள் பணத்தில் நீங்கள் தேடிய, காற்றில் குளிரும் 911 தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு மறந்திருக்கக்கூடிய சில பழக்கங்கள் உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் அளவை, நன்றாகச் சூடாகி, சமதளத்தில், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது குச்சியைப் பார்த்துவிட்டுக் 'குறைகிறது' என்று ஊற்றியவர்கள் நீலப் புகையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்கள். கிளப்பி நிறுத்தி வைத்துச் சூடாக்க வேண்டாம், மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். ஆயில் சூடாகும் வரை டர்போவைத் தூண்ட வேண்டாம். வேகமாக ஓட்டி வந்து உடனே சாவியைத் திருகி அணைக்கவும் வேண்டாம். கடைசி சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது. அப்புறம், வாரம் ஒருமுறையாவது முழுச் சூடு வரும் அளவுக்கு ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்துவதால் ஈரம்தான் சேரும்.

பயிற்சி என்று சொன்னேனே, அதில் மூன்று பாகம். முதலில், வண்டி சரியான பிறகு காலியான, அகலமான, அனுமதி வாங்கிய இடத்தில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே சக்கரத்தைப் பூட்ட வையுங்கள், பிறகு தளர்த்துங்கள். திரும்பத் திரும்ப, கால் தானாகத் தளர்த்தும் வரை. அடுத்து, ஈரமாக்கிய வழுக்குத் தளத்தில் பயிற்சியாளரோடு ஒரு நாள். அங்கே வேகம் குறைவு, வால் வெளியே வந்தாலும் இடிக்க ஒன்றும் இருக்காது, பயத்தோடு பழகிக்கொள்ளலாம். கடைசியாக டிராக். சாலையில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாது, முயலவும் கூடாது. ஒரு எச்சரிக்கை: திரும்பி வருகிறவர்கள் முதல் அரை மணி நேரம் ரொம்ப ஜாக்கிரதையாக ஓட்டுவார்கள், அதில் தப்பே நடக்காது. கியர் நன்றாக விழ ஆரம்பித்து, 'ஆஹா, எல்லாம் ஞாபகம் இருக்கிறதே' என்று முகத்தில் சிரிப்பு வரும் பாருங்கள், அப்போதுதான் நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன்.

930-தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். 930-க்கு அடுத்த தலைமுறை 911-களின் எண்கள் 964, 993, 996. 1990-இல் வந்த 964 டர்போவிலும் அதே பின்சக்கர இயக்கமும் ஒற்றை டர்போவும்தான், 320 குதிரைத்திறன். ஆனால் ஏபிஎஸ்ஸும் பவர் ஸ்டியரிங்கும் உண்டு. 1995-இல் வந்த 993 டர்போவில் 408 குதிரைத்திறன், இரண்டு டர்போ, நாலு சக்கர இயக்கம். காற்றில் குளிரும் கடைசித் தலைமுறை என்பதால் விலை உச்சத்தில் நிற்கிறது. 2000-இல் வந்த 996 டர்போ நீரில் குளிர்வது, 420 குதிரைத்திறன், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலோடு வந்தது. டர்போ இல்லாத சாதாரண 996-களைப் பயமுறுத்தும், இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் பிரச்சினை இதன் இன்ஜினில் இல்லை. ஆனால் பசை போட்டு ஒட்டிய கூலன்ட் குழாய் இணைப்புகள் கழன்று வருவது உண்டு. அதைச் சரிசெய்த பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், இருபது வருட இடைவெளி உள்ளவருக்கு 964 அல்லது 996 என்பேன். ஆனால் நீங்கள் தேடுவது அந்தக் கனமான ஸ்டியரிங்கையும், நான்கே கியரையும், டர்போ வரும் வரை காத்திருக்கும் அந்த ஒரு வினாடியையும் என்றால், 996 உங்களுக்குச் சலித்துவிடும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

'விலை ஏறும், முதலீடாகவும் இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊகம், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஏறியிருக்கிறது என்பது உண்மை. இனியும் ஏறும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட முடியாது. காப்பீடு, பாகங்கள், நிறுத்த இடம் எல்லாம் கழித்தால் ஏறியதும் மிஞ்சாமல் போகலாம். கணக்குப் போடும்போது விற்கும் விலையைச் சேர்க்காமல் போடுங்கள். காப்பீட்டில் மட்டும், விபத்து நடந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சாதாரண பாலிசிக்கு இது வெறும் பழைய வண்டிதான், மதிப்பும் அப்படியே குறைவாகத்தான் போடும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். விற்பவரிடம் நாலு டயரின் தேதி எண், கடைசியாக பிரேக் திரவம் மாற்றிய பில், பெட்ரோல் ஹோஸ் மாற்றிய பில், கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்த இன்ஜின் படம் இவற்றை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நாளில் அனுப்பிவிட்டால் மெக்கானிக்கோடு நேரில் போய்ப் பாருங்கள். 'வண்டி சூப்பர், நேரில் வாருங்கள்' என்று மட்டும் பதில் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், 930 இன்னும் நிறையவே விற்பனைக்கு வரும். படங்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.